1577917500: ஒரு பஞ்சாங்க எண்ணைத் தாளில் பிரித்துப் பார்ப்பது எப்படி

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகள் பலவற்றில் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்றில் சித்திரை, மற்றொன்றில் மேடம். 2023-ல் சித்திரை 1 ஏப்ரல் 14-ம் தேதி வந்தது. மேடம் 1 மறுநாள் 15-ம் தேதி. ஏன் என்று கேட்டால் “அது மலையாளக் கணக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பழைய வாக்கிய முறையை, அதாவது மரபுவழிப் பஞ்சாங்கக் கணக்கைப் பொறுத்தவரை வருடக் கணக்கில் வேறுபாடே கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் அடியில் இருப்பது ஒரே பத்து இலக்க எண்: 1577917500.

ஒரு சதுர்யுகத்தில், அதாவது 43,20,000 ஆண்டுகளில், எத்தனை நாள் என்று ஆரியபட்டர் வைத்த கணக்கு இது. 683-ல் ஹரிதத்தர் கேரளத்தில் அமைத்த பரஹிதம் என்ற வானியல் கணக்கு முறையும் ஆரியபட்டரைப் பின்பற்றியதுதான். இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் பிரித்துவிட்டால் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு எண்கள்தான் மிஞ்சும். ஒரு கோடு போட்ட தாள், பென்சில், 61 வரையுள்ள பகா எண்களின் பட்டியல் போதும். ஒரு மணி நேரத்தில் முடியும். கால்குலேட்டரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதில் தட்டினால் விடை வரும், எண் எப்படிக் கட்டப்பட்டது என்பது தெரியாது.

முதலில் சரியாக எழுதுங்கள்

1,57,79,17,500 என்று கோடி, லட்சக் காற்புள்ளி போட்டால் வாயால் படிக்க வசதி. வகுபடுமா என்று பார்க்க அது உதவாது. வலது ஓரத்தில் மூன்று இலக்கம், பிறகு இரண்டு இரண்டு என்று அளவு மாறுவதால் சோதனைகள் எல்லாம் தப்பாகும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். தாளில் இரண்டு முறை எழுதிக்கொள்ளுங்கள்:

15 | 77 | 91 | 75 | 00
1 | 577 | 917 | 500

முதல் வரி இரண்டு இரண்டாக, அடுத்தது மூன்று மூன்றாக. இரண்டும் வலமிருந்து பிரித்தவை.

இரண்டு இலக்கத் துண்டுகளைக் கூட்டுங்கள்: 15 + 77 + 91 + 75 + 0 = 258. இதையும் அதேபோல மடக்கினால் 2 + 58 = 60. 100 என்பது 99-ஐவிட ஒன்று அதிகம் என்பதால், இந்த 60-தான் எண்ணை 99-ஆல் வகுத்தால் வரும் மீதி. 60-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 6, 11-ஆல் வகுத்தால் மீதி 5. ஒரே கூட்டலில் இரண்டு சோதனை முடிந்தது.

இந்த இரண்டு மீதிகளையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். எண்ணைப் படியெடுக்கும்போது பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது சகஜம். 1577971500 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இலக்கங்களைக் கூட்டினால் இரண்டிலும் 42, ஆக 9-க்கு மீதி இரண்டிலும் 6. தவறு தெரியவே தெரியாது. 11-க்கான மீதியோ இங்கே 6 ஆகிவிடும், சரியான எண்ணுக்கு 5. பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் “ஒன்பதால் சரிபார்த்தல்” மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சரிபார்ப்பு ஆரியபட்டரின் ஆரியபடீயம் என்ற நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஆரியபட்டர் ஒரு சதுர்யுகத்தில் பூமி சுழலும் எண்ணிக்கையை 1582237500 என்று தருகிறார். அதில் சூரியச் சுற்று 4320000-ஐக் கழித்தால் கிடைப்பதே நம் எண். கழித்துப் பாருங்கள், கடைசி இலக்கம் வரை பொருந்தும்.

சிறிய காரணிகளை உரிப்பது

கடைசி இரண்டு இலக்கம் 00, எனவே 4-ஆல் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் 500, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 4. எனவே 8-ஆல் வகுபடாது. 2-ன் அடுக்கு சரியாக இரண்டு, அதற்கு மேல் இல்லை. இலக்கக் கூட்டல் 42 என்பது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. எனவே 3 ஒரே ஒரு முறை.

5-ஐ மட்டும் பொறுமையாக உரிக்க வேண்டும். கடைசியில் இரண்டு பூச்சியம் இருப்பதால் 5² என்று நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. வகுத்துக்கொண்டே போங்கள்:

1577917500 → 315583500 → 63116700 → 12623340 → 2524668

நான்கு முறை வகுபட்டது, ஐந்தாவது முறை முடியாது. ஆக 5⁴. மீந்த 2524668-ஐ 4-ஆல் வகுத்தால் 631167. அதை 3-ஆல் வகுத்தால் 210389.

இதுவரை: 1577917500 = 2² × 3 × 5⁴ × 210389. சிறிய காரணிகள் சேர்ந்து 7500. அந்த 7500 பின்னால் வேலைக்கு வரும்.

210389: பலரும் நிறுத்திவிடும் இடம்

எது வரை வகுத்துப் பார்க்க வேண்டும்? வர்க்கமூலம் வரை. 458² = 209764, 459² = 210681. ஆகவே 458 வரையுள்ள பகா எண்கள் போதும். தொடக்கத்திலிருந்த பத்து இலக்க எண்ணை அப்படியே வைத்திருந்தால் எல்லை 39723 ஆக இருந்திருக்கும். சிறிய காரணிகளை முதலில் உரிப்பதன் லாபம் இதுதான்.

7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்க்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. மூன்று இலக்கத் துண்டுகள் 210, 389. வலப்புறத்திலிருந்து இடப்புறத்தைக் கழித்தால் 179. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 4, 11-ஆல் 3, 13-ஆல் 10. மூன்றும் இல்லை. 37-க்குக் கூட்டுங்கள் (27 × 37 = 999): 210 + 389 = 599, மீதி 7. இல்லை.

மற்றவற்றை நேராக வகுக்க வேண்டியதுதான். மீதிகள் இவை, உங்கள் தாளோடு ஒத்துப் பாருங்கள்: 17-க்கு 14, 19-க்கு 2, 23-க்கு 8, 29-க்கு 23, 31-க்கு 23, 41-க்கு 18, 43-க்கு 33, 47-க்கு 17, 53-க்கு 32, 59-க்கு 54.

இவ்வளவு பார்த்தும் ஒன்றும் வகுபடாவிட்டால் “இது பகா எண்தான்” என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். அடுத்ததே 61.

61-க்குக் கைவசம் ஒரு முறை உண்டு. கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் ஆறு மடங்கை மிச்சத்திலிருந்து கழிக்க வேண்டும். 61 என்பது 6 பத்தும் ஓர் ஒன்றும் என்பதால் இது பலிக்கிறது.

210389: 21038 − 54 = 20984
20984: 2098 − 24 = 2074
2074: 207 − 24 = 183

183 = 3 × 61. வகுபட்டுவிட்டது. 210389 = 61 × 3449.

3449-ஐ இனி சோதிக்கவே வேண்டாம். அதன் வர்க்கமூலம் 58-க்கும் 59-க்கும் நடுவில். அதற்குள் அடங்கும் எந்தப் பகா எண்ணாவது 3449-ஐ வகுத்தால், 210389-ஐயும் வகுத்திருக்கும். அவை எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்துத் தள்ளியாகிவிட்டது. எனவே 3449 பகா எண். சிறியதிலிருந்து பெரியதாக வரிசை தவறாமல் சோதித்தவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. 17-க்குப் பிறகு நேராக 61-க்குத் தாவியவர்கள் திரும்பிப் போய் இடையிலுள்ளவற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

1577917500 = 2² × 3 × 5⁴ × 61 × 3449

காரணிகள் கையில் வந்த பிறகு

காரணிகளின் எண்ணிக்கை: ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 3 × 2 × 5 × 2 × 2 = 120. எல்லாக் காரணிகளின் கூடுதல்: 7 × 4 × 781 × 62 × 3450 = 4677565200. இதில் 781 என்பது 1 + 5 + 25 + 125 + 625. எண்ணைக் கழித்துவிட்டால் மற்ற காரணிகளின் கூடுதல் 3099647700; அதுவே எண்ணின் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. நம் எண்ணோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத சிறிய எண்களை எண்ணினால் 2 × 2 × 500 × 60 × 3448 = 413760000.

வர்க்கங்களாகப் பிரிக்கும் கேள்வி இதைவிடச் சுவையானது. 61 = 6² + 5². 3449 = 43² + 40². 2-ம் 5-ம்கூட அப்படிப் பிரியக்கூடியவை. 3 மட்டும் பிரியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஒன்று ஒற்றை அடுக்கில் நுழைந்துவிட்டால் முழு எண்ணும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக முடியாது. அந்த ஒரே ஒரு 3 கதவை அடைத்துவிட்டது.

மூன்று வர்க்கங்களாலாவது முடியுமா? 4-ஆல் வகுத்தால் 394479375. கடைசி மூன்று இலக்கமான 375-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. 4-களை எல்லாம் எடுத்த பிறகு 8-க்கு மீதி 7 வரும் எந்த எண்ணும் மூன்று வர்க்கங்களின் கூடுதல் ஆகாது என்பது லெஜாந்தர் நிறுவிய தேற்றம். எனவே இந்த எண்ணுக்கு நான்கு வர்க்கங்கள் தேவை. நான்கு எந்த எண்ணுக்கும் போதும் என்பதை லக்ராஞ்ச் 1770-ல் நிறுவினார்.

வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவதோ மிக எளிது. 394479375-ஐ இரண்டு காரணிகளாகப் பிரியுங்கள், அவற்றின் கூடுதலையும் வித்தியாசத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 17245 × 22875 என்ற ஜோடிக்குக் கூடுதல் 40120, வித்தியாசம் 5630. 40120² = 1609614400; 5630² = 31696900; கழித்தால் 1577917500. இப்படி மொத்தம் 20 வழிகள் உண்டு.

ஒரு வருடம் எத்தனை நாள்

நாட்களை ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 1577917500-ஐ 4320000-ஆல் நீள வகுத்தலில் தசமமாகப் போட்டால் 365.2586805555… என்று 5 முடிவில்லாமல் ஓடும். ஓடுவதை எங்கோ வெட்டினால் பிழை சேரும். பின்னமாகவே வைத்துக்கொள்வது நல்லது. 4320000 = 2⁸ × 3³ × 5⁴. இரண்டிலும் பொதுவாக இருப்பது 2² × 3 × 5⁴, அதாவது நாம் முன்பு ஒதுக்கிய அதே 7500. இதுதான் மீப்பெரு பொதுக் காரணி. இரண்டையும் அதனால் வகுத்தால்:

210389 / 576

576 ஆண்டுக்குச் சரியாக 210389 நாள். ஒரு வருடம் 365 நாளும் ஒரு நாளில் 149/576 பங்கும். அந்தப் பங்கை 60-ஆல் பெருக்கிப் பெருக்கி முழு எண்ணை எடுத்தால் 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை, மிச்சம் ஏதுமில்லை (ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, ஒரு விநாழிகைக்கு 60 தற்பரை). 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்ற வாக்கியப் பஞ்சாங்க வருடம் இப்படித்தான் வருகிறது. பின்னம் துல்லியமாக முடிவதற்குக் காரணம், 576-ல் 2-ம் 3-ம் தவிர வேறு பகாக் காரணி இல்லை என்பதே. 60-ல் அவை இரண்டும் உண்டு.

காரணிகள் தெரியாவிட்டாலும் 7500-ஐக் கண்டுபிடிக்கலாம். பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியால் சிறியதை வகுத்து, மீண்டும் மீதியால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். மீதிகள் 1117500, 967500, 150000, 67500, 15000, 7500 என்று இறங்கி, அடுத்தது பூச்சியம். ஈவுகளைத் தூக்கி எறியாதீர்கள்: 365, 3, 1, 6, 2, 4, 2. முழு எண் விடை தேடும் சமன்பாடுகளுக்கான ஆரியபட்டரின் குட்டகம் என்ற முறை நிற்பது இந்த ஈவுகளின் மேல்தான். இவற்றைக் கொண்டு மேலிருந்து கட்டினால் வருடத்துக்குச் சிறு பின்னங்கள் கிடைக்கும்: 1096/3, 1461/4, 9862/27, 21185/58, 94602/259, கடைசியில் 210389/576. இவற்றில் 1461/4 என்பது நாலாண்டுக்கு ஒரு லீப் வருடம்தான். கட்டும் விதி: புது ஈவை முந்தையதோடு பெருக்கி, அதற்கு முந்தையதைக் கூட்ட வேண்டும். மேலும் கீழும் ஒரே விதி. உதாரணமாக 6 × 1461 + 1096 = 9862; 6 × 4 + 3 = 27.

சித்திரையும் மேடமும் விலகும் கணக்கு

இனி சுவரிலுள்ள இரண்டு காலண்டர்களுக்கு வருவோம். சூரியன் மேஷத்தில் நுழையும் நேரம் ஆண்டுதோறும் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை தள்ளிப்போகும். தமிழ் விதியில் சூரிய அஸ்தமனத்துக்குள் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு. கேரள விதியில் உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது பகல் சுமார் 1 மணி 12 நிமிடத்துக்குள் நுழைந்தால்தான் அன்று, பிந்தினால் மறுநாள். உதயத்திலிருந்து அஸ்தமனம் 30 நாழிகை என்று கொண்டால், 18-க்கும் 30-க்கும் நடுவிலுள்ள 12 நாழிகையில் நுழையும் ஆண்டுகளில்தான் இரண்டும் விலகும். 2023-ல் நடந்தது அதுதான். விஷு வேறு விதிப்படி வருவது. அதை மேடம் 1-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாலாண்டுக்கு ஒரு முறை இந்த நேரம் 2 நாழிகை 5 விநாழிகை மட்டும் நகரும். அதனால் விலகல் நாலாண்டு இடைவெளியில் சில முறை தொடர்ந்து வரும். 2023-க்கு அடுத்தது 2027. இப்படிச் சில முறை வந்த பிறகுதான் நேரம் அஸ்தமனத்தைத் தாண்டிப் போகும்.

நீண்ட காலத்தில் எத்தனை முறை? இங்கே எண்ணின் குணம் முழுதாகப் பேசுகிறது. 149-க்கும் 576-க்கும் 1 தவிரப் பொதுக் காரணி கிடையாது. எனவே ஒரு நாளை 576 சமப் புள்ளிகளாகப் பிரித்தால், 576 ஆண்டுகளில் சூரியன் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஒரு முறை நுழையும். ஒன்றும் விடுபடாது, ஒன்றும் இரண்டு முறை வராது. 12 நாழிகை என்பது நாளில் ஐந்தில் ஒரு பங்கு. 576-ல் ஐந்தில் ஒன்று 115.2. ஆக 576 ஆண்டுகளில் 115 அல்லது 116 முறை விலகும். இரு பக்கமும் இந்த வருட நீளத்தையே கொண்டால் இதுதான் கணக்கு. இன்றைய வானியல் அளவுகளைக் கொண்ட திருக்கணிதம் போட்டால் நேரங்கள் மாறும்.

கிழமையும் சேர்ந்து திரும்ப வேண்டுமானால்? 210389-க்கு 7-ஆல் மீதி 4 என்று முன்பே பார்த்தோம். 7 பகா எண், எனவே ஏழு சுற்று தேவை. 576 × 7 = 4032 ஆண்டுகள்.

ஒன்றுபோலத் தோன்றும் இன்னொரு எண்

சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலில் இதே நாட்கணக்கு 1577917828. வித்தியாசம் 328 நாள்தான். ஆனால் குணம் முற்றிலும் வேறு. இலக்கக் கூட்டல் 55, 3-ஆல் வகுபடாது. 8-ல் முடிவதால் 5-ம் இல்லை. 4320000-உடன் பொதுவாக இருப்பது வெறும் 4. எவ்வளவு சுருக்கினாலும் 394479457 / 1080000 என்றுதான் நிற்கும். வருடத்துக்கு 16.4 தற்பரை, அதாவது ஆறரை விநாடி அளவுக்குத்தான் வேறுபாடு. ஆனால் 576 ஆண்டில் சரியாக மடியும் அழகு இதில் இல்லை. கைக்கணக்கு போடுகிறவர் எந்த எண்ணை விரும்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

பழகிப் பார்க்க

நாராயணீயம் என்ற சமஸ்கிருதப் பக்தி நூல் முடியும் “ஆயுராரோக்யசௌக்யம்” என்ற சொல், எழுத்துகளுக்கு இலக்கம் தரும் கடபயாதி முறையில், அந்நூல் முடிந்த கலி நாளை, அதாவது கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணும் நாளைக் குறிக்கிறது. ஆ 0, யு 1, ரா 2, ரோ 2, க்ய 1, சௌ 7, க்ய 1. வலமிருந்து படித்தால் 1712210. கூட்டெழுத்தில் கடைசி மெய்க்குத்தான் மதிப்பு; க்ய-வுக்கு ‘ய’வின் 1. ‘க’வையும் எண்ணினால் இலக்கம் கூடிவிடும்.

பிரித்தால் 2 × 5 × 47 × 3643 வர வேண்டும். 47 வரை பொறுமை வேண்டும், நடுவில் எதுவும் வகுபடாது. கிழமைக்கு மூன்று மூன்றாக வெட்டுங்கள்: 210 − 712 + 1 = −501, 7-ஆல் மீதி 3. கலி தொடங்கியது வெள்ளி. வெள்ளியை 0 என்று வைத்தால் திங்கள் வரும், 1 என்று வைத்தால் ஞாயிறு. கடந்த நாளை எண்ணுகிறோமா நடப்பு நாளை எண்ணுகிறோமா என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆரியபட்டர் குறிப்பிடும் கலி 3600 ஆண்டு முடிந்த நேரத்தைக் கொண்டு அதைச் சரிபார்க்கலாம்: 3600 × 210389 / 576 = 1314931.25. உதயத்திலிருந்து எண்ணினால் அந்தக் கால் நாள் சரியாக நண்பகல். 1314931-க்கு 7-ஆல் மீதி 2. இவை கடந்த நாட்கள், எனவே வெள்ளி 0, விடை ஞாயிறு.